விளிம்பு தெரிந்தால் உள்ளே தெரியும்

1828 மார்ச்சில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் ஒரு புத்தகம் அச்சானது. மின்சாரம், காந்தம் ஆகியவற்றின் கோட்பாடுகளில் கணிதப் பகுப்பாய்வைப் பயன்படுத்துவது பற்றிய கட்டுரை என்று நீளமான தலைப்பு. விலை ஏழரை ஷில்லிங். அந்த ஊரின் காலுறைத் தறிக்காரர் ஒருவர் வாரம் முழுக்க உழைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் கையில் நிற்கும். முன்கூட்டியே பெயர் கொடுத்து வாங்கியவர்கள் 51 பேர். அவர்களில் பலர் உள்ளூர் நூலகத்தின் உறுப்பினர்கள். தெரிந்தவர் எழுதிய புத்தகம் என்ற மரியாதைக்காக வாங்கியவர்களே அதிகம் இருக்க வேண்டும். அதிலுள்ள கணிதத்தைப் பின்தொடரக்கூடியவர்கள் அன்றைய கேம்பிரிட்ஜிலேயே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள்.

எழுதியவர் ஜார்ஜ் கிரீன். வயது 34. தொழில், மாவு அரைப்பது. பள்ளிக்கூடம் போனது நான்கே பருவங்கள். பிழைப்புக்கான வேலைகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில், கிடைத்த வழியில் கற்றுக்கொண்டவன் எழுதியது, குறைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முன்னுரையில் கேட்டுக்கொள்கிறார். அதை வெறும் அவையடக்கமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவர் வாழ்க்கை அப்படித்தான் இருந்தது.

நம் கல்லூரிகளில் கணிதமோ இயற்பியலோ படித்தவர்கள் திசையன் நுண்கணிதப் பாடத்தில் கிரீன் தேற்றத்தைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். தளத்தின் மீது எழுதப்படும் அந்தத் தேற்றம் அதே வடிவத்தில் கிரீனின் புத்தகத்தில் இல்லை. அவர் நிறுவியது முப்பரிமாணத்துக்கான, இன்னும் ஆழமான ஒன்று. பாடப்புத்தகங்கள் பெயரோடு நின்றுவிடுகின்றன. ஆளைப் பற்றியும், அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதைப் பற்றியும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

கிரீன் 1793-இல் பிறந்தார். தந்தை நாட்டிங்ஹாமில் ரொட்டிக்கடை வைத்திருந்தார். பிரான்சுடன் போர், மோசமான விளைச்சல், கோதுமை விலை ஏற்றம் எல்லாம் சேர்ந்து 1800-இல் அந்த ஊரில் பெரிய உணவுக் கலவரம் வெடித்தது. ரொட்டிக்கடைக்காரர் மீதும் தானிய வியாபாரி மீதும்தான் பசித்த கூட்டத்தின் கோபம் திரும்பியது. அதற்கு அடுத்த ஆண்டு, எட்டு வயதில், சிறுவன் ஜார்ஜை ராபர்ட் குட்ஏக்கர் நடத்திய பள்ளியில் சேர்த்தார்கள். குட்ஏக்கர் அறிவியலில் ஆர்வம் கொண்டவர். ஊரில் அதைவிட நல்ல பள்ளி கிடைத்திருக்காது. ஆனால் 1802-இல் படிப்பு நின்றது. ஒன்பது வயதுப் பையன் அடுப்படி வேலைக்குத் திரும்பினான்.

1807-இல் தந்தை ஊருக்கு வெளியே ஸ்நெண்டன் என்ற கிராமத்து மேட்டில் இடம் வாங்கி, செங்கல்லால் கோபுரம் போல உயர்ந்த காற்றாலை ஒன்றைக் கட்டினார். மின்சாரம் எடுக்கும் இன்றைய காற்றாலை வேறு, இது காற்றால் அரவைக்கல் சுற்றும் மாவு ஆலை. பார்க்க அழகாக இருக்கும், வேலை கடுமையானது. மூட்டைகளை மேல்தளத்துக்கு ஏற்ற வேண்டும். மேலிருந்து தானியம் கல்லுக்கு இறங்கும். காற்று கூடினால் கல் வேகமெடுக்கும், இரண்டு கற்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை உடனே திருத்தியாக வேண்டும். விழும் மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்துத்தான் அந்த இடைவெளி சரியா என்று ஆலைக்காரர் தீர்மானிப்பார். தானியம் தீர்ந்தது தெரியாமல் விட்டால் கல்லோடு கல் உரசித் தீப்பொறி பறக்கும். காற்று நடுராத்திரியில் வந்தால் அரவையும் நடுராத்திரியில்தான். இந்த ஆலையின் மேல்தளத்தில் உட்கார்ந்துதான் கிரீன் படித்தார் என்று சொல்வார்கள்.

என்ன படித்தார், யாரிடம் படித்தார்? அங்கேதான் வியப்பு. அன்றைய இங்கிலாந்தில் உயர்கணிதம் தேங்கிக் கிடந்தது. நுண்கணிதத்தை முதலில் கண்டவர் நியூட்டனா லைப்னிட்சா என்ற பழைய சண்டையில் ஆங்கிலேயர்கள் நியூட்டனின் புள்ளிக் குறியீட்டை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் லைப்னிட்சின் குறியீடு பரவி, அதன் துணையோடு லாக்ராஞ்ஜ், லாப்லாஸ், பாய்சான் போன்றவர்கள் எங்கோ போய்விட்டார்கள். கிரீனின் புத்தகம் முழுக்க அந்தப் பிரெஞ்சுக் கணிதத்தில் நடக்கிறது. நாட்டிங்ஹாமில் அதை அறிந்திருந்தவர் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவர் ஒருவர்தான். இலக்கணப் பள்ளியின் தலைமையாசிரியர் ஜான் டாப்லிஸ். லாப்லாஸின் வானியக்கவியல் நூலின் முதல் பாகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1814-இல் அதே ஊரில் வெளியிட்டவர். அவர் கிரீனுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. ஆனால் வேறு யார் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். டாப்லிஸ் 1819-இல் ஊரை விட்டுப் போனார். 1823-இல் கிரீன் சந்தா கட்டி பிராம்லி ஹவுஸ் நூலகத்தில் சேர்ந்தார். ஐந்தே ஆண்டுகளில் புத்தகம் வந்துவிட்டது.

இதற்கிடையில் ஆலை மேற்பார்வையாளரின் மகள் ஜேன் ஸ்மித்தோடு அவருக்கு உறவு ஏற்பட்டு, 1824-இல் முதல் குழந்தை பிறந்தது. மொத்தம் ஏழு குழந்தைகள். திருமணம் மட்டும் கடைசிவரை நடக்கவில்லை.

இனி புத்தகத்துக்குள் போவோம்.

ஒரு மின்னூட்டம் தன்னைச் சுற்றியுள்ள மற்ற மின்னூட்டங்களை விசையால் இழுக்கும், தள்ளும். கூலோம் என்ற பிரெஞ்சு அறிஞர் அதை அளந்து விதியாக்கிவிட்டார். ஒன்றிரண்டு மின்னூட்டங்கள் என்றால் கணக்கு எளிது. ஒரு உலோக உருண்டையின் மேற்பரப்பு முழுக்கப் பரவிக்கிடக்கும் மின்னூட்டம் என்றால்? ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு திசையில் இழுக்கிறது. விசைக்கு அளவும் உண்டு, திசையும் உண்டு என்பதால் புள்ளிக்குப் புள்ளி மூன்று எண்களைக் கணக்கிட வேண்டும். போதாததற்கு, உலோகத்தில் மின்னூட்டம் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் இன்னொரு பொருளைக் கொண்டுவந்தால் உடனே இடம்பெயரும். விசையைக் கண்டுபிடிக்க மின்னூட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், மின்னூட்டம் எங்கே போய் நிற்கும் என்று தெரிய விசை தெரிய வேண்டும்.

கிரீன் விசையை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு எண்ணைக் கொடுக்கும் சார்பைக் கையில் எடுத்தார். லாப்லாஸும் பாய்சானும் அதைக் கணக்கு வசதிக்காகப் பயன்படுத்தியிருந்தார்கள், பெயர் வைக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘பொட்டென்ஷியல்’ என்று பெயரிட்டு அதையே இயலின் மையமாக்கியவர் கிரீன். நாம் மின்னழுத்தம் என்கிறோம், வீட்டில் வோல்டேஜ் என்கிறோம். வயல்காட்டில் எந்த இடம் எவ்வளவு மேடு என்று தெரிந்தால், நீர் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது தானே தெரிந்துவிடும் அல்லவா? மேட்டளவு இடத்துக்கு ஒரே எண், ஓட்டத்தின் திசை அதன் சரிவிலிருந்து கிடைக்கிறது. மின்னழுத்தத்துக்கும் விசைக்கும் உள்ள உறவு அதுவே. உலோகத்துக்குள் மின்னூட்டம் அசையாமல் நிற்கிறது என்றால் அங்கே சரிவே இல்லை, அதாவது உலோகம் முழுவதும் ஒரே மின்னழுத்தம். சிக்கலான கேள்வி ஒரே வரியில் நேராகிவிட்டது.

அடுத்தது அவருடைய தேற்றம். ஒரு வெளியின் உட்பகுதி முழுக்கக் கூட்டிப் பெறும் ஒரு தொகையை, அந்த வெளியைச் சூழ்ந்த மேற்பரப்பில் மட்டும் கூட்டிப் பெறும் தொகையோடு அது இணைக்கிறது. உள்ளே மின்னூட்டம் எதுவும் இல்லாத அறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் மின்னழுத்தம் எவ்வளவு என்று சொல்லிவிட்டால் போதும், அறைக்குள் எந்த மூலையிலும் அது எவ்வளவு என்பது முடிவாகிவிடும். உள்ளே எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

ஆனால் ‘முடிவாகிவிடும்’ என்பது வேறு, ‘கணக்கிட்டுச் சொல்லலாம்’ என்பது வேறு. இரண்டாவதற்கு வழி கண்டதுதான் கிரீனின் பெரிய காரியம் என்று நான் கருதுகிறேன். அதை நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு உலோகக் கூடு. எந்த வடிவமானாலும் சரி. அதைக் கம்பியால் பூமியோடு இணைத்துவிடுகிறோம், எனவே அதன் மின்னழுத்தம் எப்போதும் பூச்சியம். உள்ளே ஏதோ ஒரு புள்ளியில் ஓரலகு மின்னூட்டம் வைக்கிறோம். உடனே கூட்டின் உட்புறத்தில் எதிர் மின்னூட்டம் வந்து சேரும். அருகிலுள்ள பக்கத்தில் அடர்ந்தும் தொலைவான பக்கத்தில் மெலிந்தும் பரவும். வைத்த மின்னூட்டமும் வந்து சேர்ந்த மின்னூட்டமும் கூடி உள்வெளியின் புள்ளிதோறும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். இந்த விடைக்குத்தான் பின்னால் வந்தவர்கள் கிரீன் சார்பு என்று பெயர் வைத்தார்கள்.

இந்த ஒரு விடை கையில் இருந்தால், அதே கூட்டுக்குள் எப்படிப்பட்ட மின்னூட்டப் பரவலைக் கொடுத்தாலும் அதைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய விடையை அதன் அளவால் பெருக்கிக் கூட்டிவிடலாம். கூட்டைப் பூமியோடு இணைக்காமல் இங்கே இவ்வளவு, அங்கே அவ்வளவு என்று மனம்போன மின்னழுத்தங்களில் வைத்தாலும் அதே சார்பிலிருந்தே விடை வரும். அந்த இணைப்பைத் தருவது அவருடைய தேற்றம். விளைவுகள் ஒன்றோடொன்று கூட்டத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வெப்பப் பரவல், ஒலி, ஒளி, நிலநடுக்க அலை, குவாண்டம் துகளின் இயக்கம் என்று இயற்கையில் அந்த நிபந்தனைக்கு உட்படுபவை ஏராளம்.

அத்தகைய விடை ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்பதற்கு என்ன உறுதி? கிரீன் கணித நிரூபணம் தரவில்லை. கூட்டைப் பூமியோடு இணைத்து மின்னூட்டத்தை உள்ளே வைத்தால் இயற்கை ஏதோ ஒரு நிலைக்கு வந்து நின்றே ஆக வேண்டும், ஆகவே விடை உண்டு என்று எழுதிவிட்டு நகர்கிறார். கணிதர்களுக்கு இது போதவில்லை. முறையான நிரூபணம் வர அந்த நூற்றாண்டின் பெரும்பகுதி பிடித்தது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பொருள்கள் எப்படி நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கையிலிருந்து கணிதத்துக்குள் நுழைகிற மனிதரை இங்கே நேரில் பார்க்கலாம்.

இன்னொரு முடிவும் அதே பக்கங்களில் கிடக்கிறது. கூட்டுக்குள் முதல் புள்ளியில் மின்னூட்டம் வைத்து இரண்டாம் புள்ளியில் மின்னழுத்தத்தை அளக்கிறீர்கள். பிறகு இடம் மாற்றி, இரண்டாம் புள்ளியில் வைத்து முதல் புள்ளியில் அளக்கிறீர்கள். கூடு எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் இரண்டு அளவும் ஒன்றே. அதிர்வுக்கும் ஒலிக்கும் இதே போன்ற பரிமாற்ற விதிகள் பின்னர் கிடைத்தன. அதிர்வு எழும் இடத்தையும் அதைப் பதிவு செய்யும் கருவியின் இடத்தையும் கணக்கில் மாற்றிப்போட்டு வேலையைச் சுருக்குவது நிலநடுக்கவியலில் இன்று வழக்கமான உத்தி.

புத்தகம் வாங்கிய 51 பேரில் அதன் தகுதியை உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். லிங்கன் நகருக்கு அருகே தர்ல்பி ஹாலில் வாழ்ந்த சர் எட்வர்ட் பிராம்ஹெட். கேம்பிரிட்ஜில் படித்தபோது பாபேஜ், ஹெர்ஷல் ஆகியோரோடு சேர்ந்து, பழைய குறியீட்டை விரட்டிப் புதிய கணிதத்தைக் கொண்டுவரச் சங்கம் அமைத்தவர்களில் ஒருவர். படித்ததும் கிரீனுக்குக் கடிதம் எழுதினார்: இனி எழுதுபவற்றைப் பெரிய அறிவியல் கழகங்களுக்கு அனுப்பிவைக்க உதவுகிறேன். பெரிய மனிதர்கள் மரியாதைக்குச் சொல்வதை உண்மை என்று எடுத்துக்கொள்ளாதே என்று யாரோ கிரீனிடம் சொல்லிவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் பதில் போடவில்லை. 1830 ஜனவரியில்தான் தயங்கித் தயங்கி எழுதினார். பிராம்ஹெட் சொன்ன சொல் மாறவில்லை. அவர் வழியாகவே அடுத்த மூன்று கட்டுரைகள் கேம்பிரிட்ஜுக்கும் எடின்பரோவுக்கும் போயின. அந்த இரண்டாண்டு மௌனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. வர்க்கம் ஒரு மனிதரின் கையைக் கட்டிப்போட இரண்டு எச்சரிக்கை வார்த்தைகள் போதுமாக இருந்திருக்கின்றன.

1829-இல் தந்தை இறந்தார். சொத்து கைக்கு வந்தது, ஆலையை வாடகைக்கு விட வழி பிறந்தது. 1833 அக்டோபரில், 40 வயதில், கிரீன் கேம்பிரிட்ஜின் கீஸ் கல்லூரியில் இளநிலை மாணவராகச் சேர்ந்தார். லத்தீனும் கிரேக்கமும் சரியாகத் தெரியாதே என்பதுதான் அவருடைய கவலை. 1837 கணிதத் தேர்வில் நான்காம் இடம். இரண்டாம் இடம் பெற்றவர் பிற்காலத்தில் பெரும் கணிதராக விளங்கிய சில்வெஸ்டர். யூதர் என்பதால் சில்வெஸ்டருக்குப் பட்டம் தரவில்லை. கிரீனுக்கு 1839-இல் கல்லூரியின் ஆய்வர் பதவி கிடைத்தது. மணமாகாதவர்களுக்கே உரிய பதவி அது. விதிப்படி அவர் மணமாகாதவர்தான்.

கேம்பிரிட்ஜில் எழுதியவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன். ஒளியை, மீட்சித்தன்மை கொண்ட ஊடகத்தில் செல்லும் அலை என்று வைத்துக்கொண்டு அதை ஆராய்ந்தபோது, திடப்பொருளின் மீட்சிக்கு எத்தனை எண்கள் தேவை என்ற கேள்வி வந்தது. மூலக்கூறுகளுக்கு இடையிலான விசை பற்றிய ஊகத்திலிருந்து தொடங்கியவர்கள் 15 என்றார்கள். கிரீன் எந்த ஊகமும் செய்யாமல், உருமாறும்போது பொருளில் சேமிக்கப்படும் ஆற்றலிலிருந்து தொடங்கி 21 என்றார். அரை நூற்றாண்டு வாதம் நடந்தது. ஃபோக்ட் என்ற இயற்பியலாளர் படிகங்களை அளந்து பார்த்ததில் கிரீன் பக்கமே நியாயம் நின்றது.

உடல்நலம் கெட்டு 1840-இல் ஊர் திரும்பினார். 1841 மே 31 அன்று, 47 வயதில் இறந்தார். அவருடைய உருவப்படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. கட்டுரைப் புத்தகத்தைப் பற்றிக் கேம்பிரிட்ஜில் அவரே பெரிதாக யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை.

அது மறைந்தே போயிருக்கும். கெல்வின் பிரபு என்று பின்னர் அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன், கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோது, மர்ஃபி என்பவரின் கட்டுரையில் கிரீனின் புத்தகத்தைப் பற்றிய ஒரு குறிப்பைப் பார்த்தார். கடை கடையாகத் தேடினார், கிடைக்கவில்லை. 1845 ஜனவரியில் தேர்வு முடிந்து பாரிசுக்குக் கிளம்பும் தறுவாயில் தன் பயிற்சி ஆசிரியர் ஹாப்கின்ஸிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். என்னிடம் இருக்கிறதே என்று ஹாப்கின்ஸ் எடுத்துக் கொடுத்தார். பாரிஸ் போகும் வழியில் படித்த தாம்சனுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். தானும், காவுஸ், ஷால் என்ற கணிதர்களும் தனித்தனியே கண்ட முடிவுகள் 1828-லேயே அதில் இருந்தன. பாரிசில் லியூவில், ஸ்டுர்ம் என்ற கணிதர்களிடம் அதைக் காட்டினார். ஸ்டுர்ம் தாம்சனின் அறைக்கே தேடிவந்து புத்தகத்தைப் புரட்டி, தன்னுடைய முடிவு ஒன்றையும் அதில் கண்டு திகைத்தார். பெர்லினில் கிரெல்லெ நடத்திய கணித இதழில் 1850-க்கும் 1854-க்கும் இடையே மூன்று பகுதிகளாகக் கட்டுரை மறுபடி அச்சானது. உலகம் அதைப் படித்தது அப்போதுதான்.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ரேடார் ஆய்வில் ஈடுபட்டிருந்த ஜூலியன் ஷ்விங்கர் உலோகக் குழாய்களுக்குள் நுண்ணலைகள் போவதைக் கிரீன் சார்புகளால் கணக்கிட்டார். போர் முடிந்ததும் அதே கருவியை எலெக்ட்ரானுக்கும் ஒளிக்கும் உள்ள உறவின் மீது திருப்பினார். ஃபைன்மன், டோமொனாகா ஆகியோரோடு 1965-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த வேலை அது. ஒரு துகள் இங்கிருந்து அங்கு போவதற்கு ஃபைன்மன் எழுதும் கோவையும் கிரீன் சார்பின் ஒரு வகையே. 1993-இல், கிரீனின் இருநூறாவது ஆண்டில், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகே அவருக்கு நினைவுக்கல் பதித்தார்கள். நாட்டிங்ஹாமுக்கு வந்து சொற்பொழிவாற்றிய ஷ்விங்கர், தன் வாழ்நாள் வேலை கிரீனுக்கு எவ்வளவு கடன்பட்டது என்பதையே தலைப்பாக எடுத்துக்கொண்டார்.

கடைசியாக, நம் கரையைத் தொடும் ஒரு கட்டுரை. 1837-இல் கிரீன் கால்வாயில் ஓடும் அலையைப் பற்றி எழுதினார். ஆழமும் அகலமும் மெல்ல மெல்ல மாறும் கால்வாய். அலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் நீரின் ஆழம் மிகக் குறைவு. அலை ஆழமற்ற பகுதிக்கு வரும்போது என்ன ஆகும்? வேகம் குறையும், ஆனால் அலை சுமந்துவரும் ஆற்றல் எங்கும் போய்விடாது. ஆகவே உயரம் கூட வேண்டும். எவ்வளவு என்றால், ஆழம் 16 மடங்கு குறைந்தால் உயரம் இரு மடங்காகும். கால்வாயின் அகலம் நான்கில் ஒன்றானாலும் உயரம் இரு மடங்காகும். இதற்குக் கிரீன் விதி என்று பெயர்.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள சுனாமி அலைக்கு வங்கக் கடலே ஆழமற்ற கால்வாய்தான். 2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.29-க்கு சுமத்ரா அருகே கடல் தரை பிளந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனபோது, ஜேசன்-1 செயற்கைக்கோள் தற்செயலாக மேலே கடந்து நடுக்கடலில் அலையின் உயரத்தை அளந்தது. சுமார் 60 சென்டிமீட்டர். அங்கே படகில் இருந்தவருக்கு அது தெரிந்தே இருக்காது. 3600 மீட்டர் ஆழத்தில் அத்தகைய அலை மணிக்கு சுமார் 680 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் சுமார் 36 கிலோமீட்டராகிவிடும். ஆழம் 360 மடங்கு குறைந்திருப்பதால் கிரீன் விதிப்படி உயரம் நான்கு மடங்குக்கும் மேல் கூடும்: 60 சென்டிமீட்டர் இரண்டரை மீட்டரைத் தாண்டும். வளைகுடாவும் முகத்துவாரமும் குறுகும் இடங்களில் அகலத்தின் விளைவும் சேர்ந்துகொள்ளும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் அன்று 6000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

நடுக்கடலில் மிதக்கும் கருவி காட்டும் சில சென்டிமீட்டரை வைத்துக் கரையில் எவ்வளவு வரும் என்று விரைவாக மதிப்பிட சுனாமி ஆய்வாளர்கள் இன்றும் இந்த விதியைக் கையில் எடுக்கிறார்கள். கடல் தரை சட்டென்று மேடேறி அலை மோதித் திரும்பும் இடத்திலும், கரைக்கு மிக அருகே அலை உடைந்து நிலத்தில் ஏறும் இடத்திலும் விதி செல்லாது. அங்கே ஒவ்வொரு கடற்கரையின் மேடுபள்ளத்தையும் தனித்தனியே அளந்து கணினியில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.